உப்புப் பூத்த சுவர்

டில்லிபாபுவை யாரும் கூப்பிடச் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவன் மற்றவர்கள் மேல் பழி போடப் போகிறான். அதில் பாதி நியாயமான பழிதான். ஆனால் கூப்பிட்டது அவன் வாய்.

குரோஷியா என்று ஒரு நாடு. நாடு என்னவோ சின்னது. கடற்கரை மட்டும் வளைந்து நெளிந்து போய்க்கொண்டே இருக்கும், அதற்கு எதிரே இறைத்துவிட்ட பொரி மாதிரி தீவுகள். நன்றாக விற்ற டீலர்களை பெயிண்ட் கம்பெனி அந்த வருஷம் அங்கே அழைத்துப் போயிருந்தது. கடைசி நாள் சாயங்காலம், ஒரு குட்டித் தீவின் கூழாங்கல் கரையில் எல்லோரையும் உட்காரவைத்து, அவரவர் ஊர்ச் சரக்கு ஏதாவது செய்து காட்டுங்கள் என்றார் மேனேஜர். பஞ்சாப்காரர் ஆடினார். கொல்லத்துக்காரர் படகுப் பாட்டுப் பாடினார். மண்ணூர்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் டில்லிக்கு ஆட வராது, பாட வராது. வாய் மட்டும் வரும்.

ஓட்டல்காரன் ஒயினுக்கு வைத்திருந்த ஐஸ் வாளியைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு எழுந்தான். இடுப்பில் துண்டு. நெற்றியில் தக்காளி சாஸ்.

"எங்க ஊர்ல செத்தவங்களை எப்டி ஊட்டுக்கு இட்டாறோம்னு காட்றேன்" என்றான். ஆவடியில் கடை வைத்திருக்கும் ஜஸ்டின், அவன் அறைத்தோழன், அதை இங்கிலீஷில் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள்.

காட்டியது பூவாடை அழைப்பது. அவன் குடும்பத்தில் கல்யாணம் என்றால், அதற்கு முன்னால் வீட்டில் செத்துப்போன பெண்ணை ஏரிக்கரையில் போய் அழைத்து வர வேண்டும். பம்பை அடித்துப் பாடுவார்கள். புதுக் குடத்தில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு, வீடுவரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். வாசலில் ஒரு பெண் ஆரத்தி சுற்றி, உள்ளே வா என்று சொல்வாள். சொல்லிவிட்டால் வந்தவள் வந்தவள்தான்.

கரையோரம் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய கல் நட்டிருந்தது. டில்லி அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, முழங்கால் தண்ணீரில் வாளியை முக்கினான்.

"வாடி என் தாயே! உப்புத் தண்ணியில நின்னது போதும். மஞ்சள் வச்சிகீறேன், பூ வச்சிகீறேன், கட்டிக்கச் சேலை வச்சிகீறேன். ஊட்டுக் கதவு தொறந்துகீது. எம் பின்னாலயே வா!"

சிரிப்பு அலை அலையாக எழுந்தது. சிரிக்காதவள் ஒருத்திதான், கைடாக வந்த உள்ளூர்ப் பெண். எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் இங்கிலீஷில் சொன்னதை ஜஸ்டின் தமிழில் சொன்னான்.

"ப்ளீஸ். அந்தக் கல்லுகிட்ட நின்னு யாரையும் கூப்பிடாதீங்க. அங்க ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கா. திரும்பி வந்து கூப்பிடறேன்னு சொல்லிட்டுப் போனான் ஒருத்தன். வரவே இல்ல."

"அப்ப நான் கூப்டா வரட்டும், பாவம்!" என்றான் டில்லி. அதற்கும் ஒரு சிரிப்பு.

வாளியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓட்டலைப் பார்த்து நடந்தான். ஜஸ்டின் அவனுக்கு முன்னால், பின்பக்கமாகவே நடந்தபடி, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தான். திரும்பிப் பார்க்கக்கூடாது என்ற விதியை டில்லி ஒழுங்காகக் காப்பாற்றினான். பின்னால் கூழாங்கல் நெரிபடும் சத்தம் கேட்டது. ஈரக் கால் வைத்து யாரோ வருகிற மாதிரி. பஞ்சாப்காரராக இருக்கும் என்று நினைத்தான்.

பாதி வழியில் ஜஸ்டின் போனை இறக்கிவிட்டான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"இன்னாடா?"

"சார்ஜ் இல்ல மாமே" என்றான்.

*

கலைவாணி இருந்திருந்தால் இந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்காது. முறைத்தே உட்காரவைத்திருப்பாள்.

டில்லியின் பெண்டாட்டி. முந்தைய ஐப்பசி மழையில் டெங்கு வந்து, ஒரு வாரத்துக்குள் போய்விட்டாள். கம்பெனி விளம்பரத் தாளில் வந்த அந்தத் தீவுப் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்ததே அவள்தான். "யோவ் பெயிண்ட்டு, இந்தக் கடலைக் காட்றியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பெயிண்ட்டு என்று அவனைக் கூப்பிடுகிறவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

செத்த பிறகு அம்பத்தூர் ஏரிக்கரையில் அவளையும் அப்படித்தான் அழைத்து வந்தார்கள். அவள் போட்டிருந்த பச்சைக் கண்ணாடி வளையல்களை மஞ்சள் துணியில் முடிந்து, மூங்கில் பெட்டிக்குள் வைத்து, சாமி அலமாரிக்கு மேலே ஏற்றினார்கள். மற்ற வீடுகளில் அந்தப் பெட்டிக்கு வருஷத்துக்கு ஒரு தரம் கற்பூரம் காட்டுவார்கள். டில்லி தினமும் பேசுவான். காலையில் எமல்ஷன் விலை ஏறினதைச் சொல்வான். ராத்திரி யார் யாருக்குப் பல்பு கொடுத்தான் என்று சொல்லிச் சிரிப்பான். அவன் மட்டுமே சிரிக்கிற சிரிப்பு, கேட்கிறவர்களுக்கு அழுகை வரும்.

அக்கா சொர்ணத்துக்கு அழுகையோடு பயமும் வந்தது. மாங்காட்டில் இருந்தாள். அவள் மகள் நிஷாவுக்கு வருகிற வரன் எல்லாம் கடைசி நேரத்தில் தட்டிப்போனது. தம்பிக்கு இன்னொரு பெண் பார்க்கலாம் என்றால், அவன் பெட்டியைக் காட்டி "அவளைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்கிறான்.

"ஊர் உலகத்தைப் பாத்துட்டு வாடா நைனா" என்று வெளிநாட்டுக்குப் பிடிவாதமாகத் தள்ளிவிட்டவள் அவள்தான். ஆம்பிளைக்கு மடிக்கத் தெரியாது என்று சூட்கேஸையும் அவளே அடுக்கிக் கொடுத்தாள். பருப்புப் பொடி, ஊறுகாய், தைலம், ஒரு டஜன் பனியன்.

திரும்பி வந்த அன்று வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். ஃபாரின் போய் வந்தவனுக்குக் கண் பட்டிருக்குமாம்.

"வா, உள்ள வா" என்றாள், வாயெல்லாம் சிரிப்பாக.

டில்லி உள்ளே வந்தான்.

அவன் வந்த பிறகும் வாசல் திரை ஒரு தரம் விலகி, மறுபடி விழுந்தது. அக்னி நட்சத்திர நடுவெயில். இலை அசையவில்லை.

*

முதலில் வாசனை.

கீழே கடை, மேலே வீடு. டர்பன்டைன் வாசனை மாடிக்கு ஏறுவது புதிதல்ல என்பதால் நாலைந்து நாள் அவன் கண்டுகொள்ளவில்லை. டப்பா ஏதாவது ஒழுகுகிறதா என்று கடையில் தேடினான். ஒழுகவில்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. பைன் மரத்துப் பாலிலிருந்துதானே டர்பன்டைன் எடுக்கிறார்கள். அந்தத் தீவு முழுக்கப் பைன் மரம். வெயில் சுட்ட பைன், குளிர்ந்த கல், அதற்கு அடியில் கடல். மெரினா வாசனை வேறு. இது ஆளில்லாத கடல்.

அடுத்தது சுவர்.

படுக்கையறையில் மேற்குப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஈரம் ஏறியது. சுவரில் உப்புப் பூத்து, வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கமே கிடையாது. கத்திரி வெயிலில் ஊரே காய்ந்து வெடிக்கிறது. ஊரார் சுவருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிற டில்லிக்குத் தன் சுவர் சவாலாகிவிட்டது. சுரண்டினான். வாட்டர் புரூஃப் பூசினான். பட்டி வைத்தான். பிரைமர் அடித்தான். அதன் மேல் 'பத்து வருட உத்தரவாதம்' என்று கடையில் அவனே சத்தியம் செய்து விற்கிற எமல்ஷனை இரண்டு கை ஓட்டினான்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது ஈரம் அதே இடத்தில் நின்றது.

நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். ஈரம் பரவும், ஒழுகும். இது நின்றது. தலை, தோள், கீழே அகன்ற பாவாடை மாதிரி ஒரு விரிவு. ஜன்னலைப் பார்த்துப் பக்கவாட்டில் ஒருத்தி நிற்கிற சாயல்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். சுவரில் பூக்கிற உப்பு கசக்கும்.

இது கடல் உப்பு.

"கம்பெனிகாரன் கேட்டா கேரண்டி கெடையாதுன்னு சொல்லிடுவான்" என்று சத்தமாகச் சொன்னான். பயந்தால் ஜோக்கடிப்பது அவன் வழக்கம். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி அறை அமைதியாக இருந்தது.

ஜஸ்டினுக்குப் போன் போட்டான்.

"மச்சான், அந்த பூவாடை வீடியோவை அனுப்பேன்."

"அது டெலீட் ஆயிடுச்சு மாமே."

"எப்டி ஆச்சு?"

"ஆயிடுச்சு. வுடேன். கடைல கஸ்டமர் கீறாங்க."

எதிர்முனை வைத்துவிட்டது. அந்த நேரம் கீழிருந்து கடைப் பையன் கூப்பிட, ஆசாரி யாரோ பிரைமர் வாங்க வந்திருப்பதாகச் சொல்ல, டில்லி மாடியிலிருந்தே கத்தினான்: "அங்க நின்னுகினு கீறாருல்ல, ஒரு நிமிசம் இருக்கச் சொல்லு!"

பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், வாயில் கல்லை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, மெதுவாகச் சொல்லிப் பார்த்தது.

"நின்னு... கினு..."

டில்லி அசையவில்லை.

"நின்னுகினு... கீறா..."

கதவைத் திறந்தான். வாளி நிறையத் தண்ணீர், குழாய் மூடியிருந்தது. தரையிலிருந்து ஈரப் பாதங்கள் கிளம்பி, அவன் நின்ற இடத்தைத் தாண்டி, படுக்கையறை ஜன்னலுக்குப் போயிருந்தன.

அவனைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

*

அன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். டில்லி போகவில்லை, ஏனென்றால் அவன் மனசில் ஓர் ஆசை முளைத்துவிட்டது. வெட்கம் கெட்ட ஆசை. பயத்துக்கு நடுவில் அது தலையைத் தூக்கியது.

கலையாக இருந்தால்?

சாயங்காலம் சாமி அலமாரி முன்னால் நின்று பெட்டியிடம் கேட்டான். பெட்டி எப்போதும் போல் சும்மா இருந்தது. ஆனால் இந்தத் தடவை அந்தச் சும்மாவில் ஏதோ குறைந்தது. காலி வீட்டில் கதவு தட்டுகிற மாதிரி.

அறிகுறிகள் அவன் ஆசைக்கு ஒத்துழைக்கவில்லை. கலையின் படத்துக்கு வைத்த மல்லிகை காலையில் தரையில், உப்பில் ஊறவைத்தது போல் பழுப்பாகக் கிடந்தது. கலைக்கு மல்லிகை என்றால் உயிர். சரி, செத்த பிறகு ருசி மாறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பரண் விளிம்பில் ஈரக் கைத்தடம் இருந்தது. கலை பரணிலிருந்து டப்பா எடுக்க ஸ்டூல் போட்டு, அதற்கும் மேல் கால் நுனியில் எம்புவாள். சரி, செத்தால் கொஞ்சம் வளர்வார்களோ என்னவோ, யார் கண்டது. சுவரில் மாட்டியிருந்த கலையின் படம் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கு மட்டும் அவனுக்கு ஜோக் வரவில்லை. படத்தை நேராகத் திருப்பி வைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சொர்ணம் வந்தாள். கை நிறையப் பழமும் பூவும். அவள் புருஷன் எத்திராஜ் மாமா பைக்கைப் பார்த்துக்கொண்டு கீழேயே நின்றுவிட்டார்.

"நிஷாவுக்கு கூடி வந்துட்சுடா! பையன் ஆவடி டேங்க் ஃபேக்டரில. ஆவணில கல்யாணம்."

டில்லி அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நிஷா அவன் தோளில் ஏறி வளர்ந்தவள். "சரிதான், அப்ப ஏரிக்கரைல பூவாடைக்கு நாள் குறிச்சிடலாம். பம்பைக்கு துலுக்கானத்தை இட்டாறேன். கலையைக் கேக்காம எப்டி?"

சொர்ணத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அதெல்லாம் இப்ப யாருடா பண்றாங்கோ? சிம்பிளா சாமி கும்புட்டுட்டுப் பண்ணிடலாம்."

"யக்கா. உன் கல்யாணத்துக்குக் கொட்ற மழைல அழைச்சாங்க. நீயா பேசற?"

"சொன்னா கேளேன்! வேணாம்னா வேணாம்."

டில்லி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. சாமி அலமாரியையும் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் பார்க்க இவ்வளவு இடம் இருந்தும், அவள் கண் போய் நின்றது தரையில்.

ஸ்டூலைப் போட்டு ஏறி மூங்கில் பெட்டியை இறக்கினான். மஞ்சள் துணி இருந்தது. முடிச்சு இருந்தது. அவிழ்த்தான். உள்ளே பச்சை வளையல்கள். பளபளவென்று புதுசு. கலையின் வளையலில் ஒன்று விரிசல்விட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தும்போது கட்டில் கம்பியில் பட்டதால் வந்த விரிசல். துணியில் முடியும்போது அதை அவன் தடவிப் பார்த்திருந்தான்.

"அவளுது எங்க?"

"எது எங்க?"

"அக்கா. அவளுது எங்க?"

"எலி கிலி இழுத்துகினு போயிருக்கும்டா..."

"எலி பழசை எடுத்துகினு புதுசை வாங்கியாந்து வச்சிட்டுப் போச்சா?"

சொர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில், ஏன் என்று அவனுக்கே தெரியாது, அவன் மனசில் வந்தது ஜஸ்டினின் வெளிறின முகம். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மச்சான், அக்கா இங்கதான் கீறாங்க. வளையலைப் பத்திப் பேசிகினு கீறோம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சொல்லிட்டாங்களா? மாமே, சத்தியமா உன் நல்லதுக்குன்னு சொன்னாங்கடா. நான் வேணாம்னுதான் சொன்னேன். உன் சூட்கேஸ்ல உள்துணிக்கு அடியில அந்த வளையலைத் தச்சி வச்சிருந்தாங்க. அந்தக் கடைசி நாள், மத்தியானம், நீ தூங்கினல்ல? நான் எடுத்துகினு போய் அந்தக் கல்லாண்ட கடல்ல போட்டுட்டேன். கடல் தாண்டுனா திரும்பி வரமாட்டாங்களாமே."

டில்லி உட்கார்ந்துவிட்டான்.

அவன் தூக்கிப் போன பெட்டி. ஏர்போர்ட்டில் தள்ளிக்கொண்டு போய், எடை ஏறிவிட்டது என்று பருப்புப் பொடியை வெளியே எடுத்து, ஊரையே சிரிக்கவைத்த பெட்டி. அதில் கலையும் இருந்திருக்கிறாள். அந்தத் தீவில் காலையில் பால்கனியில் நின்று, "பாத்தியா கலை, நீ கேட்ட கடல்" என்று தனியாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தான். இரண்டு கெஜம் பின்னால், கட்டிலுக்கு அடியில், அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவள் பொணத்தைத் தூக்கினதும் அவன்தான். மிச்சமிருந்ததைக் கடல் தாண்டிக் கொண்டுபோனதும் அவன் கைதான். அவனுக்கு மட்டும் சொல்லவில்லை.

"யக்கா" என்றான். "நாய்க்குட்டியைக் கோணில கட்டி ஊர் தாண்டி வுட்டுட்டு வருவாங்களே. அப்டியா?"

"உன்னைக் காப்பாத்தத்தான்டா! முப்பத்தஞ்சு வயசுல பொட்டியாண்ட பேசிகினு கீறியே, பெத்தவங்க இல்லாத புள்ள, யாருடா பாப்பாங்க உன்னை? அவ இங்க குந்திகினு கீற வரைக்கும் என் பொண்ணு எப்டிக் கரையேறும்?"

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா வுட்டிருப்பியா?"

போனில் ஜஸ்டின் இன்னும் அழுதுகொண்டிருந்தான்.

"மாமே, இன்னொண்ணு. அந்த வீடியோ. நீ கூப்ட்டுகினு வரும்போது, உன் பின்னாடி ஒரு பொம்பள வந்தாங்கடா. சொட்டச் சொட்ட. மொகம் தெரில. முடி மறைச்சிகினு இருந்துச்சு. நான் போட்ட அன்னிக்கே சாயங்காலம் நீ கூப்புடுற. கலைதான் வருதுன்னு நெனச்சேன். அதான் அழிச்சிட்டேன்."

டில்லியின் முகம் மெல்ல மாறியது. சொர்ணம் அதைப் பார்த்துவிட்டுப் பயந்தாள். அது சிரிப்பு.

"வந்துட்டா யக்கா" என்றான். "நீங்க தள்ளிட்டீங்க. நான் வெளாட்டுக்குக் கூப்ட்டேன். அவ வந்துட்டா!"

"இன்னாடா உளர்ற?"

"நீதான் ஆரத்தி சுத்தி உள்ள கூப்ட்ட."

சொர்ணத்தின் மூக்கு விடைத்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த வாசனை தட்டியிருக்க வேண்டும். வெயில் சுட்ட பைன். குளிர்ந்த கல். கண் தானாகப் படுக்கையறைக் கதவுக்குப் போனது.

கதவடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. ஒரு பாதம். இன்னொரு பாதம்.

கூடத்துப் பக்கமாக.

பழத்தட்டைப் போட்டுவிட்டுச் சொர்ணம் படியிறங்கி ஓடினாள். கீழே எத்திராஜ் மாமா இன்னா இன்னா என்று கேட்பதும், பைக் இரண்டு உதை வாங்கிக் கிளம்புவதும் கேட்டது. ஓர் ஆப்பிள் மட்டும் படிப்படியாகக் குதித்துக் கொண்டே போய், தெருவில் விழுந்து, நின்றது.

டில்லி போனை அணைத்தான். கதவைத் தாழ் போட்டான். அவனுக்குப் பயமாக இல்லை. நெஞ்சில் இருந்த கல் புரண்டுவிட்டது. ஊரே சேர்ந்து அவனை ஏமாற்றியிருக்கிறது. அக்கா, மாமா, சினேகிதன், ஒருத்தர் பாக்கியில்லை. அதனாலென்ன. அவள் கடல் தாண்டி வந்துவிட்டாள்.

*

படுக்கையறையில் மத்தியான வெயில் ஜன்னல் வழியாக விழுந்து தரையைச் சுட்டது. சுவர் மட்டும் நனைந்திருந்தது. காலையில் பக்கவாட்டில் நின்ற ஈரம் இப்போது திரும்பியிருந்தது. தோள் இரண்டும் அகலமாக, நேராக, அவனைப் பார்த்து.

டில்லி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். முதன்முதலாகப் பெண் பார்க்கப் போனபோது உட்கார்ந்த மாதிரி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"மன்னிச்சிக்க கலை. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வளையலோட நானும் குதிச்சிருப்பேன். நீச்சல் தெரியாதுன்னு நீ சிரிப்ப."

சுவரிலிருந்து உப்பு உதிர்ந்தது. மிக மெல்லிய சத்தம். பட்டுப்புடவை உரசுகிற மாதிரி.

"மல்லி புடிக்கலன்னா வுடு, சாமந்தி வாங்கியாறேன். போட்டோவை ஏன் திருப்பி வச்ச? மாலை போட்ட படம்னு கோவமா?"

சுவரின் ஈரம் மூச்சு விடுவது போல் லேசாக இருண்டு வெளுத்தது. எவ்வளவு உயரம். அவன் தலையை அண்ணாந்துதான் அதன் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கலை அவன் நெஞ்சுவரைக்கும்தான் வருவாள்.

அவன் சிரிக்க முயன்றான்.

"ஒரே ஒரு தபா. நீ என்னைக் கூப்புடுவியே, அப்டிக் கூப்புடேன். போதும்."

காத்திருந்தான். மண்ணூர்பேட்டையே மத்தியானத் தூக்கத்தில் இருந்தது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு மெஷின் சத்தம் இல்லை. தூரத்தில் ரயில் ஒன்று ஊதிவிட்டுப் போனது. அது அடங்கிய பிறகும் எதுவும் வரவில்லை. பெயிண்ட்டு என்ற அந்த ஒற்றை வார்த்தை மட்டும் வந்துவிட்டால், மீதி ஆயுசை இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டிவிடலாம்.

வரவில்லை.

ஈரத் தரையில் ஒரு பாதம் முன்னால் வந்தது. பெரிய பாதம். கலையின் கொலுசுத் தழும்பு இல்லாத, நீண்ட, அன்னியமான பாதம்.

அவன் காலுக்கு அருகில் வந்து நின்றது.

எல்லோரும் பொய் சொன்ன வீடு அது. டெலீட் ஆயிடுச்சு என்றார்கள், எலி என்றார்கள், உன் நல்லதுக்கு என்றார்கள். அவனும் தனக்குத்தானே எத்தனை சொல்லிக்கொண்டான். டில்லி கண்ணை மூடிக்கொண்டு, கேட்க வேண்டாம் என்று தெரிந்தே கேட்டான்.

"கலை... நீதான?"

காதருகில் குளிர்ந்தது. பைன் வாசனை. வாயில் கல் வைத்தது போன்ற அந்தக் குரல், இந்த வீட்டிலிருந்தே ஒவ்வொன்றாகப் பொறுக்கிய வார்த்தைகளை, தப்பில்லாமல், வரிசையாக வைத்தது.

"இல்ல. அவ அங்க, அந்தக் கல்லாண்ட நின்னுகினு கீறா."